காதலிக்க நேரமில்லை (1964): பாலையா படமா, நாகேஷ் படமா?

#1 கொட்டகைக்காரன் | ஞாயிறு, இரவு 10.12

மழை விட்டபாடில்லை. அம்மாவோடு உட்கார்ந்து மறுபடியும் 'காதலிக்க நேரமில்லை' பார்த்தேன். எத்தனையாவது தடவை என்ற கணக்கெல்லாம் எப்போதோ விட்டுப்போச்சு. இந்த முறை ஒரு சோதனை செய்தேன். காதல் ஜோடிகள் மட்டும் வரும் காட்சிகளில் எழுந்து போய் காபி போட்டேன், கொடியில் நனைந்த துணியை எடுத்து உள்ளே போட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் ஒன்றும் விட்டுப்போன மாதிரி இல்லை. ஆனால் டி.எஸ். பாலையா திரையில் இருக்கும்போது எழுந்தால் அம்மாவே "உட்காருடா" என்கிறாள்.

ஒரே ஒரு வசனத்தைப் பிரித்துப் பார்ப்போம். சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், அதாவது பாலையா, வேலையை விட்டுத் துரத்திய பையன் அசோக் (ரவிச்சந்திரன்). "ஏய்", "டேய்" என்று விரட்டப்பட்டவன். அவன் அப்பா பெரிய கோடீஸ்வரர் என்று சொல்லிக்கொண்டு கிழவர் வேஷத்தில் முத்துராமன் வந்து இறங்குகிறார். பாலையாவின் முதுகு தானாகவே வளைகிறது. அப்புறம் அந்தக் கேள்வி: "அசோகரு உங்க மகருங்களா?"

சிரித்துவிட்டுப் போகிற ஆள்தான் நானும். இந்தத் தடவை யோசித்துப் பார்த்தேன். 'மகர்' என்று தமிழில் ஒரு சொல்லே கிடையாது. மகன்தான் உண்டு. அந்த 'ன்'னை வைத்தால் கோடீஸ்வரர் பையனுக்கு மரியாதைக் குறைவாகப் போய்விடுமே என்று அந்த மனுஷனுக்கு ஒரு பதற்றம். அகப்பட்ட இடத்தில் எல்லாம் 'ர்' ஒட்டிவிடுகிறார். அந்த அவசரத்தில் வேலையில்லாத பையன் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் வரும் பேரரசராகவே ஆகிவிடுகிறான்! பணத்தாசை பற்றி மூன்று பக்கம் வசனம் எழுதினாலும் இவ்வளவு சொல்ல முடியாது. ஒரு விகுதியில் முடித்துவிட்டார்கள்.

என் கட்சி இதுதான்: இது பாலையா படம். மறுப்பவர்கள் வரலாம்.

#2 மவுண்ட்ரோடு மைனர் | ஞாயிறு, இரவு 11.03

கொட்டகை தம்பி, நல்ல இழை ஆரம்பித்தீர்கள். படம் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். 1964 பிப்ரவரி கடைசி. வீட்டில் பெரியவர்கள் கைக்குட்டை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இயக்குநர் ஸ்ரீதர் படம் என்றால் அழுகை என்று அப்போது பேர். 'கல்யாண பரிசு' பார்த்து அழுதவர்கள், 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பார்த்து அழுதவர்கள், அதற்கு முந்தின வருஷம்தான் 'நெஞ்சம் மறப்பதில்லை' பார்த்துக் கலங்கிப்போய் வந்தவர்கள். அதே ஆளிடமிருந்து முழுநீள நகைச்சுவைப் படம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இதில் ஸ்ரீதரோடு சேர்ந்து எழுதிய சித்ராலயா கோபுவின் பங்கைச் சொல்லாமல் விட்டால் பாவம். முழுக்கச் சிரிக்க வைக்கிற படம் ஒன்று எடுக்கலாமே என்று ஸ்ரீதரிடம் ஆரம்பித்து வைத்தது அவர்தான். மெரினாக் கடற்கரையில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் கதை உருவானது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தைப் பார்த்தாலே அது தெரியும். மேஜையில் உட்கார்ந்து எழுதிய கதை மாதிரி இருக்காது. சுண்டல் தின்றுகொண்டே ஒருவர் ஆரம்பிக்க இன்னொருவர் "அப்புறம் அப்பா வேஷத்தில் நண்பனே வந்தால்?" என்று இழுத்துக்கொண்டு போகிற அரட்டையின் வேகம் அதில் இருக்கிறது. (சுண்டல் என் கற்பனை. கோபு சார் மன்னிக்கணும்.)

இன்னொன்று, கலர். அன்றைக்குத் தமிழில் கலர் என்றால் கிரீடம், கவசம், தர்பார். 'அலிபாபா', 'கட்டபொம்மன்', 'கொஞ்சும் சலங்கை', அந்த வருஷப் பொங்கலுக்கு வந்த 'கர்ணன்'. கால்சட்டை போட்ட பையனும் தேயிலைத் தோட்டத்து பங்களாவும் வருகிற கதைக்கு ஈஸ்ட்மென் கலரா என்று ஆச்சரியமாக இருந்தது. வின்சென்ட் கேமரா. வெயில் என்றால் வெயில் மாதிரியே இருக்கும்.

#3 நேத்துமுளைச்சவன் | ஞாயிறு, இரவு 11.20

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் முழுப் படமும் பார்த்ததில்லை. நாகேஷ் பேய்க்கதை சொல்லும் அந்தத் துண்டு மட்டும் நூறு தடவை பார்த்திருப்பேன். மீம் வழியாக வந்து சேர்ந்தவன். அந்த ஒரு காட்சியை வைத்தே சொல்கிறேன், இது நாகேஷ் படம். பாலையா சும்மா உட்கார்ந்துதானே இருக்கிறார்?

அப்புறம் "உங்க பொன்னான கைகள்" பாட்டில் டி.எம்.எஸ். குரல் செம இளமையாக இருக்கும்.

#4 பாட்டுப்பெட்டி | திங்கள், காலை 6.45

நேத்துமுளைச்சவன் தம்பி, காலையில் காபி புரையேறிவிட்டது. அது பி.பி. ஸ்ரீநிவாஸ். அது மட்டுமல்ல, இந்தப் படம் முழுக்க டி.எம்.எஸ். ஒரு பாட்டுகூடப் பாடவில்லை! அறுபதுகளில் ஒரு பெரிய வெற்றிப் படம், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி, பாட்டு கண்ணதாசன், ஆனால் டி.எம்.எஸ். இல்லை. எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது. எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவருக்கும் அவர்தான் குரல். படத்தில் இருவருமே இல்லை. புது முகங்களுக்கு அந்தக் கம்பீரக் குரலை வைத்தால் சட்டை பெரிதாகத் தொங்கும்.

அதற்குப் பதில் என்ன செய்தார்கள் பாருங்கள். ஸ்ரீநிவாஸ் அதுவரை நமக்குத் தலை சாய்த்து மெல்லப் பாடுகிறவர். ஸ்ரீதரின் 'சுமைதாங்கி'யிலேயே "மயக்கமா கலக்கமா" பாடியவர். அவரைக் கூப்பிட்டு முதலாளி வீட்டு வாசலில் நின்று "விஸ்வநாதன் வேலை வேணும்" என்று கோஷம் போட வைத்துவிட்டார்கள். கோபமே வராத குரலில் போராட்டப் பாட்டு. அதுதான் அந்தப் பாட்டின் நகைச்சுவையே. டி.எம்.எஸ். பாடியிருந்தால் நிஜமாகவே தொழிற்சங்கம் தொடங்கியிருக்கும். இதில் முதலாளி பேரும் இசையமைப்பாளர் பேரும் ஒன்று. கொட்டகையில் அந்தக் கேலியும் சேர்ந்து வேலை செய்தது.

ஜேசுதாஸ் அப்போது தமிழுக்குப் புதிது. எஸ். பாலசந்தரின் 'பொம்மை'க்கு முதலில் பாடினார், ஆனால் இந்தப் படம் முந்திக்கொண்டு வெளிவந்தது. "என்ன பார்வை" பாட்டில் அவரோடு எல்.ஆர். ஈஸ்வரி. ஈஸ்வரியை ஒரு கதாநாயகியின் காதல் பாட்டுக்குப் பாட வைத்தது எவ்வளவு நல்ல முடிவு! சுசீலா அம்மா பாடியிருந்தால் அழகாக இருந்திருக்கும். ஈஸ்வரி பாடியதால் துடுக்காக இருக்கிறது. கிழவர் வேஷத்துக்கு யார் என்று பார்த்தால் சீர்காழி கோவிந்தராஜன். முருகன் பாட்டுக் குரலில் "காதலிக்க நேரமில்லை" என்று ஒரு தாத்தா புலம்பினால் சிரிக்காமல் என்ன செய்வது? பாடகர் தேர்விலேயே பாதி நகைச்சுவையை முடித்துவிட்டார்கள்.

மைனர் சார் 'கர்ணன்' என்றாரே, அதற்கும் இதே இரட்டையர்தான் இசை. ஜனவரியில் ஷெனாயும் சாரங்கியும். பிப்ரவரியில் விசிலும் பாங்கோஸும். ஒன்றரை மாத இடைவெளியில் வந்த இரண்டு படத்தையும் ஒரே கைகள் செய்தன என்று சொன்னால் புதிதாகக் கேட்பவர் நம்பமாட்டார். அடுத்த வருஷம் இருவரும் பிரிந்தே விட்டார்கள். சரி, அந்தக் கதை வேண்டாம், காலையிலேயே மனசு கனக்கும்.

#5 தாரிணி | திங்கள், காலை 9.30

பாலையா, நாகேஷ் என்று இரண்டு கட்சி கட்டியாச்சு. சச்சு ஞாபகம் யாருக்காவது இருக்கிறதா?

ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பாவுக்கு (விஸ்வநாதனின் மகன், சொந்தமாகப் படம் எடுக்கத் துடிப்பவர், நாகேஷ்) கதாநாயகி கிடைக்காமல் எஸ்டேட் மேனேஜர் மகளையே பிடித்துப் போடுகிறாரே, அந்த மீனா. குழந்தை நட்சத்திரமாக வந்து, 1962-ல் 'வீரத்திருமகன்' படத்தில் கதாநாயகியாகவே நடித்து முடித்தவர் சச்சு. "ரோஜா மலரே ராஜகுமாரி" பாட்டின் ராஜகுமாரி. அவரிடம் போய் நாகேஷுக்கு ஜோடியாக நகைச்சுவை வேஷம் என்றால் யோசிக்கத்தானே செய்வார்? தயங்கினார், கோபுதான் பேசிச் சம்மதிக்க வைத்தார் என்பது அவரே பல தடவை சொன்ன விஷயம். ஒருமுறை காமெடி வரிசையில் உட்கார்ந்தால் திரும்ப எழுந்து கதாநாயகி நாற்காலிக்கு வர முடியாது என்ற பயம். நடந்ததும் அதுதான். அதன் பிறகு அவர் நகைச்சுவை நடிகை. பல வருஷம் நன்றாகவே ஓடியது என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். நாகேஷுக்கு அப்படி இல்லை பாருங்கள். அதே 1964 டிசம்பரில் 'சர்வர் சுந்தரம்' வந்து கதாநாயகன் ஆகிவிட்டார்.

படத்தில் எனக்குப் பிடித்த விஷயம், மீனா நடிக்கத் தெரியாதவள் மாதிரி நடிப்பது. நன்றாக ஆடத் தெரிந்த ஒருத்தி வேண்டுமென்றே தப்புத் தப்பாக ஆடுவது லேசான வேலை இல்லை. கொட்டகைக்காரன் சார், உங்கள் துணி மடிக்கும் சோதனையில் இவள் வரும் காட்சியையும் சேர்த்தீர்களா?

குறையும் சொல்லிவிடுகிறேன். விஸ்வநாதனின் இரண்டு பெண்களுக்கும் படத்தில் வேலை என்ன? கார் ஓட்டுவது, கோபிப்பது, காதலிப்பது, அப்பாவிடம் மறைப்பது. காஞ்சனா, ராஜஸ்ரீ இருவரும் அவ்வளவு நன்றாக இருந்தும் சிரிக்க வைக்கிற வசனத்தில் ஒன்றுகூட அவர்களுக்கு உருப்படியாகக் கொடுக்கவில்லை.

#6 கொட்டகைக்காரன் | திங்கள், மதியம் 1.15

தாரிணி மேடம், சரண்டர். சச்சு வரும்போது எழுந்திருக்கவில்லை. மேலே துணிக்குப் போனது வேறு காட்சி.

பெண்களைப் பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் ஒன்று கவனியுங்கள், ஸ்ரீதர் இதில் பெரிய பேர் எதையும் நம்பவில்லை. ரவிச்சந்திரன் புதுசு. மலேசியாவில் பிறந்து திருச்சிக்குப் படிக்க வந்த ராமன் என்ற பையன். காஞ்சனா புதுசு. விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர், சொந்தப் பேர் வசுந்தரா தேவி. அந்தப் பேரில் ஏற்கனவே ஒரு நடிகை, வைஜயந்திமாலாவின் அம்மா, இருந்ததால் காஞ்சனா ஆனார். படத்தில் பாத்திரத்தின் பேரும் அதே. ராஜஸ்ரீ தமிழ் ரசிகர்களுக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. ஆக, காதல் பகுதி முழுக்க இளம் ரத்தம். அவர்களைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு பக்கம் அனுபவசாலிகளை நிறுத்தியிருக்கிறார்: பாலையா, முத்துராமன், நாகேஷ், வி.எஸ். ராகவன்.

அதனால்தான் துணைப் பாத்திரங்கள் கதாநாயகர்களை விழுங்கிவிட்டார்கள் என்று நாம் சொல்வதே கொஞ்சம் தப்பு என்று இப்போது படுகிறது. படத்தைக் கட்டியதே அப்படி.

#7 ஆழியாறுக்காரர் | திங்கள், மாலை 5.50

பொள்ளாச்சிப் பக்கத்து ஆள் நான். எஸ்டேட் பங்களா என்று படத்தில் பார்க்கிறீர்களே, அது ஆழியாறு அணையை ஒட்டி இருக்கும் விருந்தினர் மாளிகை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ரோட்டில் போனால் மலை ஏறுவதற்கு முன்பே வந்துவிடும். எங்கள் ஊரில் இன்னமும் "காதலிக்க நேரமில்லை பங்களா" என்றால்தான் ஆட்டோக்காரருக்குச் சட்டென்று புரியும்.

படம் எடுத்தபோது அணை புத்தம் புதுசு. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் நடந்துகொண்டிருந்த காலம். இப்போது சுற்றிலும் மரம் வளர்ந்து மூடிவிட்டது. படத்தில் பின்னால் மலை அப்படியே மொட்டையாக, தெளிவாகத் தெரியும். எங்கள் மாமா ஒருத்தர் "ஷூட்டிங் பார்க்கப் போனேன், நாகேஷ் என்னைப் பார்த்துச் சிரித்தார்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்போது கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்தார் என்பது அத்தைக்கு மட்டும் தெரியும்.

#8 மவுண்ட்ரோடு மைனர் | திங்கள், இரவு 8.20

நேத்துமுளைச்சவன் தம்பிக்கு ஒரு வார்த்தை. "பாலையா சும்மா உட்கார்ந்துதானே இருக்கிறார்" என்றீர்களே. இன்று ராத்திரி அந்தக் காட்சியை மறுபடி போடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு, பாலையா முகத்தை மட்டும் பாருங்கள்.

படத் தயாரிப்புக்குப் பணம் கறக்கத்தான் மகன் கதை சொல்ல வருகிறான். அப்பாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. அலட்சியமாகத்தான் உட்கார்கிறார். இருட்டு, காற்று, கதவு, காலடிச் சத்தம் என்று நாகேஷ் வாயாலேயே கொட்டகை கட்டுகிறார். பேயும் கிடையாது, செட்டும் கிடையாது, பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். பயம் எங்கே இருந்து வருகிறது? கேட்டுக்கொண்டிருப்பவர் கண்ணில் இருந்து. அலட்சியம் ஆர்வமாகி, ஆர்வம் திகிலாகி, முகம் வெளிறி, நாற்காலியோடு ஒட்டிக்கொள்கிறார். தவில் இல்லாமல் நாதஸ்வரமா? நாகேஷ் ஊதுகிறார், பாலையா அடிக்கிறார். அந்த மனுஷர் பிற்பாடு 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நிஜமாகவே தவில் வித்வானாக வந்தது பொருத்தம்தான்.

1936-ல் 'சதி லீலாவதி'யில் அறிமுகமானவர் பாலையா. எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அதன் பிறகு எத்தனை வருஷம் வில்லன்! எங்கள் பாட்டி அவர் திரையில் வந்தாலே "வந்துட்டான் பாவி" என்பாள். இந்தப் படத்துக்கு அவளையும் கூட்டிப் போயிருந்தோம். பாலையா வந்ததும் வழக்கம் போல "பாவி" என்று ஆரம்பித்தாள். இடைவேளைக்குள் "பாவம் மனுஷன், எல்லாரும் சேர்ந்து ஏமாத்துறாங்க" என்று கட்சி மாறிவிட்டாள். வில்லத்தனத்துக்குப் பயன்பட்ட அதே பேராசைக் கண்களைத்தான் இதிலும் வைத்திருக்கிறார். அதில் கொஞ்சம் அப்பாவித்தனத்தைக் கலந்ததும் வேறு ஆளாகிவிட்டார்.

அப்புறம் முத்துராமனை யாருமே பேசவில்லை. பொங்கலுக்கு வந்த 'கர்ணன்' படத்தில் வில்லெடுத்த அர்ஜுனன் அவர்தான். பிப்ரவரியில் நரைமுடி ஒட்டிக்கொண்டு இருமுகிற போலிக் கோடீஸ்வரர். பாலையாவும் நாகேஷும் சிரிப்பை வாங்க, கதை நகர்வதற்கான பாரத்தை எல்லாம் இவர் தூக்குகிறார். இளைஞனாக ஒரு பெண்ணைக் காதலிக்கணும், கிழவனாக அவள் அப்பாவை மிரட்டணும், கிழவனுக்குள்ளே இளைஞன் முழித்துக்கொள்வதையும் நமக்கு மட்டும் காட்டணும். யாரும் அவரைப் பாராட்டுவதில்லை. நானும் இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

#9 பம்பாய்வாசி | செவ்வாய், காலை 7.40

இந்திப் பதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1966-ல் ஸ்ரீதரே 'ப்யார் கியே ஜா' என்று எடுத்தார். சசி கபூர், கிஷோர் குமார், மெஹ்மூத், ஓம் பிரகாஷ், மும்தாஜ். ராஜஸ்ரீ அங்கேயும் உண்டு. முத்துராமன் வேஷம் கிஷோர் குமாருக்கு, சச்சு வேஷம் மும்தாஜுக்கு. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் அங்கே 'வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ்'. மெஹ்மூதுக்கு இதற்காக ஃபிலிம்ஃபேர் விருதே கிடைத்தது. இங்கே தாராவியில் வளர்ந்த எனக்கு முதலில் தெரிந்தது மெஹ்மூத் சொன்ன பேய்க்கதைதான். தமிழ் மூலத்தைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் பார்த்தேன்.

இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கதை சொல்லும் காட்சியில் மெஹ்மூத் கிட்டத்தட்ட நாகேஷுக்குச் சமம். ஓம் பிரகாஷும் லேசுப்பட்டவர் இல்லை. ஆனால் "அசோகரு உங்க மகருங்களா" மட்டும் இந்திக்குப் போகவே முடியாது. அங்கே 'ஜி' போடலாம், 'சாஹப்' போடலாம். இரண்டும் ஏற்கனவே இருக்கிற சொற்கள். இல்லாத ஒரு மரியாதையைப் பயத்தில் புதிதாகக் கண்டுபிடிப்பது தமிழில்தான் நடக்கும்.

தெலுங்கில் 'பிரேமிஞ்சி சூடு' முந்தின வருஷமே வந்துவிட்டது. அதை நான் பார்க்கவில்லை. அப்புறம் கன்னடத்தில் துவாரகீஷ், மராத்தியில் மகேஷ் கோட்டாரேயின் 'தூம் தடாகா'. மராத்திப் படம் 1985-ல் இங்கே சக்கைப்போடு போட்டது. என் பக்கத்து வீட்டு மராத்திக்கார நண்பர் இன்றுவரை அது அவர்கள் சொந்தக் கதை என்றே நம்புகிறார். நானும் சண்டை போடுவதை விட்டுவிட்டேன்.

#10 தாரிணி | செவ்வாய், காலை 10.05

பம்பாய்வாசி அண்ணா, மும்தாஜ் விஷயத்தைக் கவனித்தீர்களா? சச்சு பயந்த அதே வேஷத்தைச் செய்துவிட்டு மும்தாஜ் சில வருஷத்திலேயே பெரிய கதாநாயகி ஆனார். கதவு ஒரு பக்கம்தான் திறக்கும் என்று மேலே எழுதினேன். பம்பாயில் அந்தக் கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. இங்கேதான் தாழ்ப்பாள்.

#11 கொட்டகைக்காரன் | செவ்வாய், மதியம் 2.30

தாரிணி மேடம் எழுதியதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை.

இன்னொரு சின்ன விஷயம் மட்டும். ஸ்ரீதர் இந்த வாய்ப்பாட்டை மறுபடி 'ஊட்டி வரை உறவு' (1967) படத்தில் கையில் எடுத்தார். பாலையா, நாகேஷ், முத்துராமன் மூவரும் உண்டு, கூடவே சிவாஜி. நல்ல படம்தான், பாட்டெல்லாம் தேன். ஆனால் சிவாஜி இருந்தால் கேமரா அவரைப் பார்க்கத்தானே செய்யும். நட்சத்திரம் இல்லாததுதான் முந்தைய படத்தின் அதிர்ஷ்டம். கோபு தன் பங்குக்கு 1972-ல் 'காசேதான் கடவுளடா' இயக்கினார். அதில் மறுபடியும் முத்துராமன், மறுபடியும் பணம், மறுபடியும் ஆள்மாறாட்டம். மெரினா அரட்டையில் மிச்சம் வைத்ததை அங்கே போட்டிருப்பார் போலிருக்கிறது.

#12 மட்டுறுத்துநர் | செவ்வாய், மாலை 4.00

டி.எம்.எஸ். பற்றித் தனி இழை தொடங்கி அங்கே சண்டை போட்டுக்கொள்ளவும். இங்கே வந்த ஏழு பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன்.

#13 நேத்துமுளைச்சவன் | புதன், இரவு 9.15

மைனர் சார் சொன்னபடி சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். தோற்றுவிட்டேன். நாகேஷைப் பார்க்கவே தோன்றவில்லை.

அப்புறம் தாத்தாவைக் கூப்பிட்டு முழுப் படத்தையும் போட்டேன். அவருக்கு வயது எண்பத்திரண்டு. பாட்டு வரும்போதெல்லாம் "இதைப் போய் ஓட்டுறியா?" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார். கதை சொல்லும் காட்சியில் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். பாலையா போலவே கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவருக்கே தெரியவில்லை.

இன்று காலை என் அறை வாசலில் வந்து நிற்கிறார். கையில் அவர் போன். கட்டணம் தீர்ந்துபோச்சாம். வழக்கமாக "டேய், எழுந்திருடா" என்பவர், குனிந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"பேரரு எழுந்துட்டாருங்களா?"

முந்நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்துகொடுத்தேன்.